கையை ஆட்டிக் கழிந்த எட்டு வருஷம்

சபைப் பாடகர் குழுவை நடத்துகிறவனுக்கு முதுகுதான் முகம். ஜனங்கள் பார்ப்பது அதைத்தான். நீங்களும் இந்தப் பாடு பட்டவரானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், தொண்டைக் கட்டு நமக்குப் பொது. நான் அறுபதுகளில் போர்ட் பிளேரில் துறைமுகக் குமாஸ்தா. மாலையில் ஆபீஸ் விட்டால் கப்பல்துறைக்குப் பக்கத்திலேயே இருந்த கோயில்.

ஒரு பாட்டு, நாலு எழுத்து

குழுவில் திருநெல்வேலிக்காரர், தெலுங்கர், மலையாளி நர்ஸ், ராஞ்சிக்காரர் எல்லாரும் உண்டு. பொதுவாக இருந்தது இந்தி மட்டும். ஈஸ்டருக்கு ஒரு இந்திப் பாட்டை அவரவர் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். டீக்கடை நடத்திய ரஞ்சிதம் அக்காவின் உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி மூன்று வாரத்தில் ஓய்ந்துபோனேன். அக்கா என்னைத்தான் தேற்றினார்.

"விடுங்க தம்பி. நான் தப்பாச் சொன்னாலும் ஆண்டவர் சரியாத்தான் கேப்பாரு."

கப்பல் வரவில்லை

கட்டைக்குரலுக்கு எங்களிடம் இருந்தது சாமுவேல் ஒருவன்தான். தீவுக் கப்பலில் எஞ்சின் வேலை. ஒரு கிறிஸ்துமஸ் காலை, கடல் சரியில்லாமல் கப்பல் வடக்கே லாங் ஐலண்ட் தீவிலேயே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன். முதல் சரணத்திலேயே ஆண்கள் பக்கம் தடுமாறியது. இரண்டாவது சரணத்தில் வாசலிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. எண்ணெய்க் கையோடு, பாடிக்கொண்டே உள்ளே வந்தான் சாமுவேல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடல் அடங்கி இப்பத்தான் கப்பல் வந்துச்சு சார். ஜெட்டியில எறங்கினதுமே காதுல விழுந்துச்சு. இவ்ளோ தப்பா நம்ம ஆளுங்கதான் பாடுவாங்கன்னு ஜல்தியா ஓடியாந்தேன்."

அடித்த பெயர்

இதைச் சொல்ல இன்றும் கூச்சம்தான். கராச்சர்மா கிராமத்திலிருந்து வரும் ஜெயராஜ் வாத்தியார் மூன்று மாதமாகப் பயிற்சிக்கு வரவில்லை. ஏன் என்று விசாரிக்கக்கூட எனக்குச் சலிப்பு. எல்லார் முன்னாலும் பட்டியலில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். இரண்டாம் நாள், அவர் மனைவி எஸ்தர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூன்று மாதமும் அந்த அம்மா படுக்கையில்தான் இருந்திருக்கிறார். அடக்கத்துக்கு நம் குழுதான் பாட வேண்டும் என்று வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

குழிக்குப் பக்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சீக்கிரம் முடித்தால் போதும் என்று கையை ஆட்டினேன். அவர் எங்களோடு நின்று கடைசி வரை பாடினார். பிறகு ஒதுக்குப்புறமாக அழைத்து, பெயரை அடித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"பேரு கிடக்கட்டும் சார். கடைசிச் சரணத்துல அவசரப்பட்டுட்டீங்க. எஸ்தருக்கு மெதுவாப் பாடினாத்தான் பிடிக்கும்."

விலகிக்கொள்கிறேன் என்று ஆயரிடம் கொடுக்க எட்டு வருஷத்தில் ஆறு கடிதம் எழுதினேன், ஆறு முறையும் கொடுப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.