தார் பூசிய பீப்பாய்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். அப்படிப்பட்டவன் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை என் மகளிடம்கூட வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். காலடிப்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். துறைமுக யார்டில் மூட்டை எண்ணுவது என் வேலை. மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாள். துணைக்குப் பெரியவர்கள் யாருமில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் தினமும் வெந்நீர் வேண்டும். விறகோ ரேஷன், கிடைத்ததும் ஈரம். ஊதி ஊதி என் கண் எரிந்ததுதான் மிச்சம்.

யார்டு சுவருக்கு வெளியே, ரயில் பாதை ஓரத்தில், பட்டாளத்தார் விட்டுப்போன இரும்புப் பீப்பாய்கள் கிடந்தன. சிப்பாய்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனவை. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் அம்புக்குறி; சர்க்கார் சொத்து என்று அர்த்தம். தண்ணீர் பிடித்து வைக்க ஒன்று இருந்தால் தேவலை என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. மூன்று நாள் யார்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். மூன்று நாளும் "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பினேன். நாலாம் நாள், மணலிக்குத் திரும்பும் ஒரு மாட்டுவண்டியில் சின்னப் பீப்பாய் ஒன்றை ஏற்றி, சாக்குப் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இறக்கி வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. யார்டிலிருந்து இரண்டு முழக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு போன கூலிக்காரர் ஒருவருக்கு அந்த மாதம்தான் வேலை போயிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் இழுத்துப் போனார்கள். எனக்கு வேலை போனால் பச்சைப் பிள்ளையோடு எங்கே போவது? பக்கத்து வீட்டு மீன்காரம்மாளிடம், படகுக்குப் பூசி மிஞ்சிய தார் இருந்தது. அம்புக்குறியை மட்டும் மறைத்தால் சந்தேகம் வரும் என்று பீப்பாய் முழுவதும் பூசினேன். தண்ணீர் நிரப்பியதும் முற்றத்து வெயிலில் அது கன்னங்கரேலென்று நின்றது.

இரண்டாம் நாள் மத்தியானம் அதில் சொம்பை விட்ட என் மனைவி, "ஐயோ!" என்று கையை உதறினாள். தண்ணீர் கொதிக்காத குறைதான். திருட்டை மறைக்கப் பூசிய கறுப்பு, வெயிலையெல்லாம் உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்திருந்தது. அன்று அடுப்பு மூட்டாமலே பிள்ளையைக் குளிப்பாட்டினோம். அவளுக்கு ஒரே சந்தோஷம். நானோ வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே சாக்கை எடுத்துப் பீப்பாயை மூடினேன்.

மீன்காரம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, சூரியன வேலைக்கு வச்சுகினியா? சம்பளம் இன்னா தர்ற?"

"அக்கா, வெளியில சொல்லாதீங்க."

"அட, இதுல மறைக்க இன்னா கீது? புள்ள பெத்தவ இருக்கிற வூட்டுக்கெல்லாம் தெரிய வேணாவா?"

கூடையோடு ராயபுரம் வரை போகிறவர் அவர். மீன் விற்றுத் தீருவதற்குள் சேதி யார்டுக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா, உன் வூட்ல விறகே இல்லாம வெந்நீர் காயுதாமே? என் பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீறா. ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன்."

தலையாட்டினேன். மூட்டை எண்ணுவதில் அன்று இரண்டு முறை தப்பு விட்டேன்.

"கடல்ல தள்ளிடுங்களேன்" என்றாள் மனைவி.

"உருட்டிகினு போனா தெருவே பாக்கும்."

"அப்ப அந்தக் குறி கொஞ்சமும் தெரியாம இன்னொரு தபா தார் பூசிடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் தடிமனாகப் பூசினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஒரு ராத்திரியில் அது காயவில்லை. ஞாயிறு வெயில் ஏற ஏற, அடியில் இருந்த பழைய பூச்சும் சேர்ந்து இளகிவிட்டது.

உச்சி வேளைக்கு மேஸ்திரி வந்தார். நேரே முற்றத்துக்குப் போய்ப் பீப்பாயில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"அப்பா! இன்னா சூடு!"

கையை எடுத்தபோது தாரும் கூடவே வந்தது. ஐந்து விரல் பதிந்த இடத்தில் வெள்ளையாக அம்பின் முனை தெரிந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி மனைவி கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"மூணு நாளா என் முன்னால வந்து நின்னியே, இதுக்குத்தானா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாயில இன்னா கொழுக்கட்டயா? கையில மண்ணெண்ணெய ஊத்து."

ஊற்றினேன். பாதி தரையில் கொட்டியது. அவர் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, வேறொரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அன்று நானும் மனைவியும் சாப்பிடவில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் அவள் என்னைப் பார்ப்பாள். நான் கதவைப் பார்ப்பேன்.

மறுநாள் காலை இரண்டு ஆட்கள் கைவண்டியோடு வந்தார்கள். போலீஸ் இல்லை, மேஸ்திரி வீட்டு ஆட்கள். "மேஸ்திரி பொண்ணுக்கு வெந்நீர் வேணுமாம்" என்று பீப்பாயை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஈர விறகை மூட்டி வெந்நீர் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.