எட்டுப் பேர் பள்ளியில் பன்னிரண்டு பேர்

“...எட்டுப் பேருதான் இருக்கு டீச்சர். உக்காந்திருக்கறது பன்னெண்டு. மிச்சம் நாலு எங்கேர்ந்து வந்துச்சு?”

வருகைப் பதிவேட்டில் விரலை வைத்தபடி கேட்டார், பள்ளிக்கூடத்தை ஆய்வு செய்ய வந்த மேடம். திருவண்ணாமலை பக்கத்து அடி அண்ணாமலையில் எங்கள் தெருப் பள்ளிக்கூடம் அது. ஒரே அறை, ஒரே டீச்சர், அஞ்சு வகுப்பும் ஒரே பாயில். டீச்சர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அந்த நாலு பேரைக் கூட்டி வந்தவள் நான்.

அப்போது நான் பெற்றோர் கமிட்டித் தலைவி. பிழைப்புக்கு கிரிவலப் பாதையில் இட்லிக் கடை. நானும் அதே பள்ளியில்தான் அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படித்ததெல்லாம் வடை கட்டிக் கொடுக்க வாங்கிய பழைய பேப்பரில். இப்போதும் மழை பெய்து சுவர் ஈரமானால் அந்த அறைதான் ஞாபகத்துக்கு வரும். எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு வாசம், வேப்ப மரத்தில் தொங்கிய இரும்புத் துண்டின் மணிச் சத்தம், எல்லாம் கூடவே வரும்.

என் மகள் அங்கே ரெண்டாவது படித்த வருஷம் மொத்தமே எட்டுப் பிள்ளைகள். மற்றதுகளை இங்கிலீஷ் பள்ளிக்கூட வேன் அள்ளிக்கொண்டு போய்விட்டது. படிப்பும் சரியில்லை, பிள்ளைகளும் இல்லை என்று மேடம் எழுதிவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் அந்தக் குஞ்சு குளுவானெல்லாம் பஸ் ரோட்டைத் தாண்டித்தான் அடுத்த பள்ளிக்குப் போகணும்.

மேடம் வருவதாகச் சொல்லி அனுப்பியதோ பௌர்ணமிக்கு மறுநாள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அந்த நாளைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்காக ராத்திரி முழுக்க ஊரே பாதையோரம் கடை போட்டு உட்காரும்; பிள்ளைகளும் அங்கேயேதான் கிடக்கும். பூ கட்டும் அக்கா ஒருத்தி சொல்வாள்: “எங்க வூட்ல பௌர்ணமின்னா ரெண்டு நாளும் சேந்து ஒரே நாளு. மறுநாளு விடியறதே பத்து மணிக்குத்தான்.” அவள் சொன்னதை இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாய் காலியாகக் கிடக்கப் போகிறதே என்ற பயத்தில், வேங்கிக்காலில் இருக்கும் என் அக்கா பெண்ணையும் அவள் கூட விளையாடும் மூன்று பிள்ளைகளையும் காலையிலேயே ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் இங்கிலீஷ் பள்ளிக்கு அன்று லீவு. என் மகளின் யூனிஃபார்ம் பாவாடை அக்கா பெண்ணுக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. டீச்சர் பார்த்ததும், “என்னம்மா இது, வேணாம்மா” என்றார். அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றுவிட்டது.

எங்கள் பிள்ளைகள் வரவே மாட்டார்கள் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. மேடம் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. தலை வாராமல், கண்ணில் பூளையோடு. எட்டும் வந்துவிட்டது. அப்புறம்தான் மேடம் பதிவேட்டில் விரல் வைத்தார்.

“நான்தாங்க மேடம் கூட்டினு வந்தேன்” என்றேன். “டீச்சர் மேல தப்பு இல்லீங்க.”

“நீங்க யாரும்மா?”

“கமிட்டித் தலைவிங்க.”

“நல்ல தலைவிதான்” என்றவர் அக்கா பெண்ணைப் பார்த்தார். “வந்தது வந்துட்டே. எழுந்து படி, பாக்கலாம்.” மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நீட்டினார்.

அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், “எனக்குத் தமிழ் செகண்ட் லாங்வேஜ் மிஸ்” என்றாள்.

பூக்காரக்காவின் மகள் மூன்றாம் வகுப்பு. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள் நகர்ந்து வந்தாள். “நான் வெரல் வெக்கிறேன். நீ என் பின்னாடியே வா.” தெரிந்தவள் தெரியாதவள் பக்கத்தில் உட்காரணும் என்பது அந்த அறையின் பழக்கம், அஞ்சு வகுப்பை ஒரே ஆளாக வைத்துக்கொண்டு டீச்சர் வேறு என்ன செய்வார்? சின்னவள் ஒரு சொல் சொல்ல, பெரியவள் பின்னாலேயே சொல்லிப் போனாள்.

அதற்கப்புறம் மேடம் எங்கள் எட்டுப் பேரையும் ஒருவர் விடாமல் படிக்கச் சொன்னார். திக்கினார்கள். ஒருத்தன் ஒரு வரியை முழுசாக விழுங்கிவிட்டான். என் மகள் கழித்தலில் தப்புப் போட்டாள். ஆனால் எனக்குத் தெரியாது என்று ஒருத்தரும் உட்காரவில்லை.

மேடம் ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து ரொம்ப நேரம் எழுதினார். டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்து உடைத்துக்கொண்டே நின்றார். எழுதி முடித்ததும் மேடம் குறிப்பேட்டைப் பூக்காரக்கா மகள் பக்கம் திருப்பினார்.

“உங்க டீச்சருக்கு இதையும் படிச்சுக் காட்டு.”

அவள் விரல் வைத்துப் படித்தாள். “எட்டுப் பேர் வந்துள்ளனர். எட்டுப் பேரும் படிக்கின்றனர். இன்னும் ஓர் ஆசிரியர் வேண்டும். பள்ளியை மூடப் ப... பரி... பரிந்து...”

விரல் அங்கேயே நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். பரிந்துரைக்கிறேனா, பரிந்துரைக்கவில்லையா? அவள் கை மறைத்துக்கொண்டிருந்தது.

மேடம் குறிப்பேட்டை வாங்கினார். அந்த நீளச் சொல்லை ஒரே கோடாக அடித்தார். மேலே ‘மூட வேண்டாம்’ என்று பெரிசாக எழுதி, மறுபடியும் அவள் விரலுக்கு நேராக வைத்தார்.