முடிவு இல்லாத ஏழு கொப்பிகள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, ஒரு படம் பார்ப்போம் என்று சோபாவில் சாய்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல், நடுவில் ஒரு மர்மம் என்று ஏதோ புதுப்படம். பார்க்கலாமா விடலாமா என்று தெரிந்துகொள்ள, சனம் அதைப்பற்றி எழுதியிருந்ததைத் தொலைபேசியில் வாசிக்கத் தொடங்கினேன். முதல் பாதி இழுவை என்கிறார் ஒருவர். இல்லை, இரண்டாம் பாதிதான் இழுவை என்கிறார் அடுத்தவர். பத்தாவது நிமிடத்திலேயே ஆள் யாரென்று தான் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு கெட்டிக்காரர் எழுதியிருக்கிறார். இப்படியே வாசித்து வாசித்து ஒரு மணித்தியாலம் போய்விட்டது. மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்று, "நீங்கள் படம் பாக்கிறியளோ, சனத்தின்ரை வாயைப் பாக்கிறியளோ?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்குப் படத்தைவிடப் படம் பார்த்தவர்களைத்தான் பிடிக்கும். இந்தக் கெட்ட பழக்கம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு வீடியோக் கடையில் வேலை செய்த காலத்தில் தொற்றியது. அப்போது கருத்துகள் திரையில் வரவில்லை, இரண்டு காலில் நடந்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தன. வாசத்தை வைத்தே யாருக்கு என்ன படம் என்று சொல்லிவிடுவேன். ரெஸ்ரோரண்ட் குசினியில் இருந்து நேரே வரும் ஆட்களில் பொரித்த எண்ணெய் மணக்கும், அவர்களுக்கு அடிபிடி வேண்டும். கந்தோர், வங்கி என்று துப்புரவாக்கிவிட்டு வரும் அக்காமாரில் சவர்க்காரம் மணக்கும், அவர்களுக்கு ஒருமுறையாவது அழவேண்டும். இந்தக் கணிப்பு அநேகமாகப் பிழைக்காது. பிழைத்தால் வாங்கிக்கட்டுவதும் நான்தான்.

கடை யோகண்ணையுடையது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். நீளமான ஒரு அறை, இரண்டு பக்கமும் கசெற் அடுக்கு, பின்னுக்கு ஒரு திரைச்சீலை. சீலைக்குப் பின்னால் எட்டு வீடியோ டெக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றில் மூலக் கசெற் ஓடும், மற்ற ஏழிலும் அதன் நகல், எங்கள் பேச்சில் கொப்பி, இறங்கும். அது சட்டப்படி சரியா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். டெக்குகள் சூடேறும்போது ஒரு பிளாஸ்டிக் வாசம் வரும், இன்றைக்கும் புதுப் பொருள் ஏதாவது வாங்கிப் பெட்டியை உடைத்தால் எனக்கு அந்தத் திரைச்சீலைதான் ஞாபகம் வரும். மார்க்ஸ் டோர்மோயில் நான் மூன்று பேரோடு இருந்த அறையில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யாது. மாரிக் குளிரில் கை சூடாக்க டெக்குகளைவிட நல்ல இடம் எனக்கு இருக்கவில்லை.

யோகண்ணை இரண்டு கட்டளைகள் வைத்திருந்தார். கசெற்றைத் திருப்பித் தருபவரிடம் படம் எப்படி என்று கேட்கவேண்டும், அது முதலாவது. நீ படம் பார்க்கத் தேவையில்லை, பார்த்தவனைக் கேள் என்பார். இரண்டாவது, ஒவ்வொரு கொப்பிக்கும் வால் பார்க்கவேண்டும். வால் பார்ப்பது என்றால் கசெற்றின் கடைசியை ஓடவிட்டு, படம் முடிந்து திரையில் 'வணக்கம்' விழுகிறதா என்று பார்ப்பது. முதலாவது கட்டளையை நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேன். இரண்டாவதைப்பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முதல் ராணியக்காவைச் சொல்லவேண்டும். நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருந்து சனிக்கிழமை தவறாமல் மரக்கறி வாங்க வருவா. சான் லசாருக்கு ரயில், பிறகு மெட்ரோ, கையில் இரண்டு பெரிய பைகள். புருசனுக்குப் பின்னேரத்தில் ரெஸ்ரோரண்ட் வேலை. வீட்டில் அவவும் பதினைந்து வயது மகள் மதுராவும்தான். மகள் அவவோடு கதைப்பது நின்று இரண்டு வருசம் என்று ஒருநாள் சொன்னா. சண்டை ஒன்றும் இல்லை. தாய் தமிழில் கேட்டால் மகள் ஓம், இல்லை என்பதை 'வீ', 'நோன்' என்று பிரெஞ்சில் முடித்துவிட்டு அறைக்குள் போய்விடுவாளாம். படம் போட்டால் மட்டும் வந்து பத்து நிமிடமாவது பக்கத்தில் இருப்பாளாம்.

"அந்தப் பத்து நிமிசத்துக்குத்தான் தம்பி நான் உதுகளைக் காவிக்கொண்டு போறன்," என்றா. அவவில் சவர்க்காரம்தான் மணந்தது, ஆனால் அவ அழுகிற படம் கேட்கவில்லை. பிள்ளை எழும்பிப் போகாத படமாகத் தா என்றுதான் கேட்பா. அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. மற்ற எல்லோருக்கும் வாயால் அடித்துவிடுகிற நான், அவவுக்கு மட்டும் நாலு பேரிடம் விசாரித்துத்தான் படம் கொடுப்பேன்.

அந்தப் படம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பெயர் வேண்டாம். மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்று. பத்தாம் வகுப்புப் பெட்டை ஒருத்தியின் புத்தகப் பைக்குள் கையெழுத்து இல்லாத துண்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்த பெடியன் அவளில் விருப்பம் கொள்வான். பள்ளிக்கூட விழா அன்று அவள் காணாமல் போய்விடுவாள். துண்டு எழுதியது யார், அவள் எங்கே என்று பெடியன் தேடித் திரிவான். மூலக் கசெற் லண்டனில் இருந்து வந்தது, அடுத்த நாள் சுவிஸுக்குப் போய்விடும். படம் மூன்று மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிடமும். நீளப் படம் என்றால் நாலு மணித்தியாலக் கசெற் போடவேண்டும். நான் மூன்று மணித்தியாலக் கசெற் ஏழு போட்டேன். வாலாவது பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். அந்த நேரம் மாஸ்ரர் வந்து வேறொரு படத்தைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவர், வாய் திறந்தால் லேசில் மூடமாட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டு நின்றேன். ஏழு கொப்பியும் சனிக்கிழமையே வெளியே போய்விட்டன, பள்ளிக்கூடப் படம்தானே என்று யாரிடமும் விசாரிக்காமல் ராணியக்காவுக்குக் கொடுத்த ஒன்றும் அதில்.

திங்கட்கிழமை முறைப்பாடு தொடங்கியது. கசெற்றின் கடைசியில் பெடியன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான், கதவு திறக்கத் தொடங்குகிறது, ஆள் தெரியமுதல் திரை முழுக்கப் புள்ளியும் இரைச்சலும். எண்ணெய் வாசக்காரர் ஒருவர் கசெற்றை மேசையில் போட்டுவிட்டு, கண்டறியாத படம் என்று மட்டும் எரிச்சலோடு சொன்னார். ஒரு அம்மா, பத்தாம் வகுப்பில் காதலித்தால் கதவு திறக்காது, அதுதான் படத்தின் பாடம் என்று விளங்கிக்கொண்டு வந்திருந்தா. மாஸ்ரருக்கு வேறு கோபம். படத்தில் கணக்கு வாத்தியார்மேல் சந்தேகம் விழுகிறதாம், எந்தக் கணக்கு வாத்தியும் அப்படிச் செய்யமாட்டானாம், முடிவைக் காட்டி அந்த மனுசனின் மானத்தைக் காப்பாற்று என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்திருந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன்தான் கண் மின்ன வந்தான். "கதவு தொறக்குற எடத்துல கட் பண்ணான் பாருங்க பாஸ், அங்க நிக்கிறான் டைரக்டர்!" என்றான். அந்த டைரக்டர் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோகண்ணை என்னை ஏசவில்லை. வால் பார்த்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார். கசெற் ஊர் சுற்றித் திரும்பிவர இரண்டு கிழமையாகும் என்றார்கள். அந்த இரண்டு கிழமையும் கடையில் நிற்க இடமில்லை. கசெற் எடுக்காதவர்களும் வந்தார்கள். தோழிதான் என்றார் ஒருவர், பெடியனின் தமையன் என்றார் இன்னொருவர். நான் இவ்வளவு சந்தோசமாக எந்த வேலையும் பார்த்ததில்லை. என் பிழைக்கு நானே விழா எடுத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை ராணியக்கா வந்தபோதுதான் செய்தது உறைத்தது. எழும்பிப் போகாத படம் கேட்டவவுக்கு தானே பாதியில் எழும்பிப் போன படத்தைக் கொடுத்திருக்கிறேன். முடிவு கட்டாயம் வரும் அக்கா, வந்ததும் முதல் கொப்பி உங்களுக்குத்தான் என்று அவ வாய் திறக்கமுதல் நான் திறந்தேன். அவ பைகளைக் கீழே வைத்தா. அக்கம்பக்கம் பார்த்தா.

"வந்தாலும் எனக்குத் தந்துபோடாதை தம்பி. ஒரு கிழமையா என்ரை பிள்ளை என்னோடை கதைக்கிறாள்."

பிறகு நின்ற நிலையிலேயே சொன்னா. இரைச்சல் வந்ததும் மதுரா துள்ளி எழும்பி, கதவுக்குப் பின்னால் யார் என்று தாயைக் கேட்டிருக்கிறாள். தமிழில். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து நேரே குசினி மேசையில் அமர்ந்து, தான் வகுப்பில் யோசித்துவைத்ததைச் சொல்லியிருக்கிறாள். தெரியாத சொல்லுக்குத் தாயிடம் தமிழ் கேட்பாளாம். புதன்கிழமை திடீரென்று, உங்களுக்கு யாராவது இப்படித் துண்டு எழுதினார்களா என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது ராணியக்காவின் முகம் சிவந்துபோனது. எழுதினவன் ஒருவன் இருந்திருக்கிறான், ஊரில், ரியூசனுக்குப் போகிற வழியில். அதை மகளுக்குக் கொஞ்சம் சொன்னேன், மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டிருக்கிறேன், படத்தின் முடிவு தெரிந்தால் பிள்ளை பழையபடி அறைக்குள் போய்விடுவாள் என்றா. நான் தலையை ஆட்டினேன்.

முடிவு வந்து சேர்ந்தது. வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது, அதனால் யாரென்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. முழுக் கொப்பி இறக்கி எல்லோருக்கும் கொடுத்தேன். ராணியக்காவுக்கு என்று ஒன்றை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. மதுரா தாயோடு கடைக்கே வரத் தொடங்கினாள். மெலிந்த, உயரமான பிள்ளை. "அண்ணை, முடிவு வந்திட்டுதோ?" என்று சனிக்கிழமை சனிக்கிழமை கேட்பாள். அவளுக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் முடிவு தெரியும்.

நான் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். லாச்சப்பலில் ஒரு கதையை இந்த முனையில் சொன்னால் நீங்கள் நடந்து போகமுதல் அது மற்ற முனைக்குப் போய்விடும். இந்தக் கதை மட்டும் போகவில்லை. எண்ணெய் வாசக்காரர் அவளைக் கண்டால், இன்னும் வரவில்லைப் பிள்ளை, கண்டறியாத கடை என்று என்னைத் திட்டுவார். கோயம்புத்தூர்ப் பையன் அவளோடு மணிக்கணக்காக வாதாடுவான். மாஸ்ரருக்குத்தான் நான் பயந்தேன். அவருடைய கணக்கு வாத்தியார் குற்றமற்றவர் என்று முடிவில் வந்துவிட்டது, அதை ஊருக்கே அறிவிக்கத் துடித்துக்கொண்டிருந்த மனுசன். ஒரு சனிக்கிழமை மதுரா அவர் முன்னாலேயே, எனக்கு அந்த வாத்தியில்தான் சந்தேகம் என்றாள். மாஸ்ரர் என்னைப் பார்த்தார். பொத்தான் கழன்ற தன் கோட்டைப் பார்த்தார்.

"இருக்கலாம் பிள்ளை. வாத்திமாரை நம்பேலாது," என்றார்.

அந்த மனுசனுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லோருக்கும்தான். பிள்ளைகளைப் பிரிந்திருந்தவர்கள், வதிவிடக் காட் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டவர்கள், யாருக்கும் மற்றவர் வீட்டுக் குசினியைப்பற்றி யோசிக்க நேரம் இல்லை. ஆனாலும் யோசித்தார்கள். கோடை விடுமுறை வரும்வரை ஒருவர்கூட வாய் தவறவில்லை. அதற்குப் பிறகு மதுரா கேட்பதை விட்டுவிட்டாள், தாயும் மகளும் வேறு படம் எடுத்துப்போனார்கள், பைகளில் ஒன்றை மகள் தூக்கினாள்.

கடை பிறகும் பத்து வருசம் ஓடியது. கசெற் போய் டிவிடித் தட்டு வந்தது, தட்டும் போனது. யோகண்ணை மூடுவதென்று முடிவெடுத்த கிழமை, பழைய கசெற்களைப் பெட்டிகளில் போட்டு, விரும்பியவர்கள் எடுங்கள் என்று வாசலில் வைத்தோம். வேலைக்குப் போகிற உடுப்பில் ஒரு பெண் வந்து பெட்டிகளைக் கிண்டினாள். நிமிர்ந்தபோதுதான் மதுரா என்று தெரிந்தது. அம்மாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வருகிறது, அந்தப் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே ஓடிப்போய், மேசைக்கு அடியில் கிடந்த கொப்பியைத் தூசு தட்டிக் கொண்டுவந்தேன். முழுப்படம், முடிவோடு, உமக்கென்றே வைத்திருந்தேன் என்று நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை. "இது இல்லை அண்ணை. முடிவு இல்லாத கொப்பி வேணும். முடிவை நான் அடுத்த மாசமே சினேகிதி வீட்டிலை பாத்திட்டன்."

அப்படியானால் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கேட்டது ஏன் என்றேன்.

"அம்மா தன்ரை கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவ," என்றாள். "படம் முடிஞ்சிட்டுதெண்டு தெரிஞ்சால் அதையும் நிப்பாட்டிப்போடுவா எண்டு பயந்தனான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாஸ்ரரின் பொய்யைக்கூட அவள் பொய்யென்று தெரிந்தே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்குக் கொடுக்கத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த ஏழு குறைக் கொப்பிகளும் திரும்பி வந்த கையோடு, ஒன்றுவிடாமல் வேறு படங்கள் ஏற்றி அழித்திருந்தேன். அவள் பரவாயில்லை அண்ணை என்று சொல்லி, என் கையைப் பிடித்துவிட்டு ரயிலுக்குப் போனாள்.

கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி திருத்துகிறார்கள். அந்தப் படமும் எல்லாத் தொலைபேசியிலும் கிடைக்கிறது, முழுசாக, வணக்கம் விழும்வரை. கதவு திறக்கத் தொடங்குகிற இடத்தில் நின்றுபோகிற கொப்பி மட்டும் எங்கும் இல்லை. என் வாழ்நாளில் நான் விட்ட ஒரே நல்ல பிழை அது, அதையும் நானே திருத்தித் தொலைத்துவிட்டேன்.