மருந்து கொதித்த சனிக்கிழமை

போன சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி வருவாரா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். போர் இல்லை, புயல் இல்லை. ஆக்லாந்தில் நல்ல வெயில். பக்கத்து வீட்டில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நானோ கையில் போனோடு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் நான் அனுப்பிய ஒரு மெசேஜால் வந்தது.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குச் சேவியரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... என் வீட்டுக்காரர், மன்னார்க்காரர், ஹென்டர்சனில் சமையலறை அலுமாரி செய்யும் பட்டறையில் வேலை. கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த எங்கள் வீட்டில் இப்போது சொந்தமாக ஒரு துப்பாக்கி! லைசன்ஸ் கொடுக்கும் முன் ஒரு அதிகாரி வந்து என்னையும் தனியே விசாரித்தார். சம்மதமா என்று கேட்டார், சம்மதம் என்றேன். பயமா என்று மட்டும் கேட்கவில்லை. நல்ல மனிதர், தப்பித்தார்.

சரி, கடையில் தோட்டா வாங்கிச் சுட்டால் போதாதா? போதாதாம். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் இருந்து, திரும்பவும் வெடிமருந்து நிறுத்துப் போட்டு, முன்னால் குண்டைப் பொருத்தித் தானே தோட்டா செய்கிறார். ரீலோடிங் என்று பெயர். நகைக்கடையில் இருப்பது போல ஒரு தராசு. அவர் நிறுக்கும்போது நான் கதைக்கக்கூடாது, கதவு திறக்கக்கூடாது, தும்மக்கூடாது. ஆனால் அவர் கதைப்பார். அந்த மருந்தைப் பற்றியே கதைப்பார். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அப்படிக் கேட்டதில்தான் எனக்கு இந்த விஷயம் தெரியும். துவக்கு மருந்து குளிரில் அடங்கி எரியும், சூட்டில் வேகமாக எரியும். வேகம் கூடினால் குழலுக்குள் பிரஷர் கூடும். சூட்டுக்கு அசையாத மருந்தும் கடையில் உண்டாம். இவர் கைவசம் இருப்பது அந்த ரகம் இல்லை. போன ஜூலையில், இங்கே அது குளிர்காலம், மூச்சு விட்டால் புகை வரும் ஒரு காலையில், சுடப் பழகும் ரேஞ்சில் இருந்து சுட்டுச் சுட்டுப் பார்த்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இதுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் நிறுத்தினார். இந்த அளவு குளிருக்குத்தான் சரி, வெயில் வந்தால் குறைக்கவேண்டும் என்று அன்றைக்கே சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்ட நான் மறக்கவில்லை. மனைவிமாருக்கு வேறென்ன வேலை?

மான் சீசன் வருமுன் துவக்கின் குறி சரியா என்று பார்க்க, அந்த ஜூலைத் தோட்டாவில் மிச்சம் இருந்த பெட்டியைத்தான் போன சனிக்கிழமை காரில் வைத்தார். ரேஞ்சுக்குப் போகுமுன் இருவருமாக ஹென்டர்சனில் சாமான் வாங்க நிறுத்தினோம். துவக்கு இருக்கும் காரை ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது என்பது இங்கே சட்டம். ஆகவே அவர் கடைக்குள், நான் காவல். மர நிழல் என்று ஒன்று இல்லாத கார்ப் பார்க். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தேன். தோட்டாப் பெட்டியோ பின் கண்ணாடிக்குக் கீழே, துவாயால் மூடி, நேர் வெயிலில் கிடந்தது. அவருடைய கடைக்கணக்கு உங்களுக்குத் தெரியும்தானே? பால் வாங்கப் போனால் பெயிண்ட் விலையும் விசாரித்துத்தான் வருவார்.

பிறகு கிளென் ஈடனில் எங்கள் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார். பின்பக்கம் இருந்த பைகளை எடுக்கும்போது பெட்டியில் கை பட்டது. சுட்டது. அந்த நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கார் போய்விட்டது. குசினியில் பையைத் திறந்தால், உள்ளே சாக்லேட் தண்ணீராக ஓடியிருந்தது.

சாக்லேட்டுக்கே இந்தக் கதி என்றால் அந்த மருந்துக்கு? உடனே போனை எடுத்து எழுதினேன்.

“மருந்து காருக்குள்ள வெயிலில கிடந்து கொதிச்சுப் போச்சு. பாவிக்காதேங்கோ. பிரஷர் ஏறும்.”

கொஞ்ச நேரத்தில் சம்மதித்துப் பதில் வந்தது. “ஓம்.”

அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில் எப்சமில் இருக்கும் என் சிநேகிதி சுகந்திக்குப் போன் பண்ணினேன். மலேசியாக்காரி, எதையும் பொறுமையாகக் கேட்பாள். நல்ல காலம், தகுந்த நேரத்தில் மெசேஜ் போட்டேன் என்று பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அவள் உச்சுக் கொட்டினாள்.

“ஐயோ பாவம். அண்ணனுக்கு எத்தனை வருஷமா பிரஷர் மாத்திரை அக்கா?”

அப்போதுதான் நான் விட்ட பிழை எனக்கு விளங்கியது.

ஏனென்றால் சேவியருக்குப் பிரஷர் உண்டு. காலையில் மறந்தால் மத்தியானம் எடுக்க, காரிலேயே ஒரு குளிசை அட்டை வைத்திருப்பார். தினமும் காலையில் நான் கேட்கும் முதல் கேள்வியே “மருந்து எடுத்தனீங்களோ?” என்பதுதான். அன்றைக்குக் காரில் எடுக்கிறேன் என்றுதான் சொன்னார். மருந்து என்று நான் எழுதினால் அந்த மனிதர் எதை நினைப்பார்? கண்ணுக்குப் போடுவதும் மருந்து, இருமலுக்குக் குடிப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, துவக்கில் வெடிப்பதும் மருந்து! இப்படி ஒரு சொல்லை நம்பி மெசேஜ் எழுதலாமா?

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். தோட்டா, தோட்டா, தோட்டா என்று எழுதி அனுப்பினேன். ரேஞ்சில் சுடும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோக மாட்டார், காரில் வைத்துவிடுவார். ரேஞ்சின் நம்பரைத் தேடி அடித்தேன். அங்கேயும் ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் காதை மூடிக்கொண்டு நிற்கும் இடத்தில் யாருக்கு மணி கேட்கும்?

இனி என்ன செய்வது? கார் அவரிடம். பேசாமல் இருக்கலாம் என்றால் மனம் விடுகிறதா... சுடும்போது துவக்கு எங்கே இருக்கும்? கன்னத்தோடு ஒட்டி. தோட்டாவை உள்ளே வைத்துப் பூட்டும் இரும்பு எங்கே? கண்ணுக்குப் பக்கத்தில். பிரஷர் தாங்காமல் அது பின்னால் வந்தால்? போதாததற்கு, குளிசையும் எடுக்காமல் நிற்கிறார். அங்கே துவக்குக்கும் பிரஷர், மனிதருக்கும் பிரஷர். மாதாவே, இரண்டு கண்ணும் வேண்டும் என்று வாய்விட்டே கேட்டேன். இவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சண்டை பிடிக்கக்கூட எனக்கு வேறு ஆள் இல்லை.

கடைசியில் கார் வந்தது. வெறுங்காலோடு ஓடினேன். முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இருந்தன. ஆள் மட்டும் களைத்துப் போயிருந்தார்.

“நீர் சொன்னபடி குளிசை எடுக்கேல்லை. தலை சுத்துது. வீட்டில வேற அட்டை இருக்கோ?”

“துவக்கு சுட்டனீங்களோ?”

“ஒண்டுதான் சுட்டன்.”

படியில் இருத்தி, குளிசையும் தண்ணீரும் கொடுத்து, மிச்சத்தை வாங்கினேன். முதல் வெடி வழமையைவிடப் பலமாக உதைத்ததாம். துவக்கின் பூட்டைத் திறக்கப் பார்த்தால் அசையவில்லை. உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தாராம். ரேஞ்சுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் வந்து, கோதை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாராம். மேடாக இருக்கவேண்டிய இடம் தட்டையாக நசுங்கியிருந்ததாம், பிரஷர் மிஞ்சியதற்கு அது அடையாளமாம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர் மூடியைச் சாத்தி இவர் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போ, எல்லாத் தோட்டாவையும் கழற்று என்று சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும்.

அப்போதுதான் நான் என் மெசேஜின் அர்த்தத்தைச் சொன்னேன். சேவியர் போனை எடுத்து அதைத் திரும்பவும், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். முகம் வெளிறியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தோட்டா எண்டு ஒரு சொல் எழுதியிருக்கலாம்தானே...”

எழுதியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு வந்த கோபம் அதில் இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து, குடை கொண்டுபோங்கோ என்றால் ஏன் என்பார். மெல்லப் போங்கோ என்றால் எதுக்கு என்பார். இத்தனை வருடத்தில் மறுகேள்வி கேட்காமல் என் சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அதுவும் குளிசைக்கு!