இரட்டை முடிச்சு

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி மின்தூக்கி லேசாகக் குலுங்கினால் பத்து மாடியும் படியேறிப் போகிறவன் நான். என் அக்கா நேரெதிர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் வற்றும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துவைத்து, வாளியோடு வெறுங்காலில் சேற்றில் இறங்கி கெராங் சிப்பி பொறுக்குவாள். ஒருமுறை உடைந்த ஓடு ஒன்று அவள் குதிகாலைக் கிழித்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரி. அந்தப் புண் ஆறுகிற வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். தொழிற்சாலையில் நான் போடும் சேஃப்டி பூட்ஸை அவள் காலில் மாட்டினேன்.

"இதப் போட்டுக்கிட்டு சேத்துல எப்படிடா நடக்கிறது? வேணாம்லா."

"கால எடுத்துட்டாங்கன்னா என்ன செய்வ? பேசாம போடுக்கா."

கழன்றுவிடக் கூடாதென்று கயிற்றை இறுக்கி இரட்டை முடிச்சு போட்டேன். நனைந்துவிடுமென்று இரண்டு கைப்பேசிகளையும் காரிலேயே வைக்கச் சொன்னதும் நான்தான். அவள் இறங்கினாள். நான் கரையில், மணல் கெட்டியாக இருந்த இடத்தில் நின்றுகொண்டேன்.

வாளி நிறையும் நேரத்தில் தண்ணீர் திரும்பத் தொடங்கியது. கூப்பிட்டேன். அவள் கையை ஆட்டினாள், ஆனால் நகரவில்லை. சிப்பி ஆசை என்று எரிச்சலோடு மறுபடி கத்தினேன்.

"கால் வரலடா!"

சேறு அவள் முழங்காலைப் பிடித்திருந்தது. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் இறங்கியது. சுற்றிப் பார்த்தேன். கரையோரச் சதுப்பில் நிற்கும் பாக்காவ் மரங்களைத் தவிர ஓர் ஆள் இல்லை. கைப்பேசிக்காகக் காருக்கு ஓடலாம். ஓடி, கூப்பிட்டு, யாராவது வந்து சேர்வதற்குள்? அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. சேற்றில் இறங்கிவிட்டேன். நாலாவது எட்டில் நானும் புதைந்தேன்.

"நிக்காத! படுத்துக்கிட்டு வா!"

படுத்துத் தவழ்ந்தேன். பக்கத்தில் போனபோது தண்ணீர் அவள் தொடையைத் தொட்டிருந்தது. சேற்றுக்குள் கையை விட்டு முடிச்சைத் தேடினேன். நனைந்த கயிறு கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை. அழுதேன், சத்தம் போட்டே அழுதேன்.

"அழுறத வீட்டுல போய் அழு," என்றாள். குரல் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் எலும்பு வரை அழுத்தின. அக்காவும் பயப்படுவாள் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு உயிரே போயிற்று.

துழாவிய விரலை ஏதோ கிழித்தது. உடைந்த சிப்பி ஓடு. எதற்குப் பயந்து பூட்ஸ் மாட்டினேனோ அதே ஓடு. அதைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத கயிற்றை அறுத்தேன். என் விரலையும் சேர்த்துத்தான் அறுத்தேன். ஒரு கால் வந்தது. இரண்டாவதற்குத் தலையைத் தண்ணீருக்குள் முக்க வேண்டியிருந்தது. மூன்று தடவை மூச்சு முட்டி எழுந்தேன். நான்காவது தடவை கயிறு விட்டது.

கரை வரை இருவரும் தவழ்ந்தே வந்தோம். கவிழ்ந்து காலியான வாளி மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அக்கா இப்போதும் போகிறாள், வெறுங்காலோடு. நான் தடுப்பதில்லை. தொழிற்சாலையில் வேறு பூட்ஸ் கொடுத்தார்கள். காலையில் கயிற்றை ஒற்றை முடிச்சாகத்தான் கட்டுகிறேன். அந்தப் பழைய ஜோடி சேற்றுக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கும், தலைக்கு மேலே கடல் வந்து போய்க்கொண்டிருக்கும். அவற்றுக்குள் அவள் கால் இல்லை என்று எனக்கு நானே ஒரு முறை சொல்லிக்கொண்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்புகிறேன்.