மாலை போட்ட நாட்களில் அடி விழவில்லை

என் வீட்டுக்காரர் குடித்தால் அடிப்பார். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். இது நடந்தபோது டெல்லி ஜங்புராவில் நாலா என்கிற பெரிய சாக்கடை ஓரம் குடிசையில் இருந்தோம். நான் பங்களாக்களில் சமையல் வேலை செய்தேன். முகம் வீங்கினால் லீவு சொல்வேன். மகள் சுதா எட்டாவது படித்தாள். அவர் கத்த ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்காருவாள்.

காலையில் அவர் அழுவார். "குடிச்சா கண்ணு தெரியல செல்வி. என்ன செய்யறேன்னே தெரியல." நானும் நம்பினேன். அடிப்பது சாராயம், அவர் இல்லை என்று நினைத்தேன். அம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன். தாயே, அந்தக் கையை நிறுத்து. தினமும் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சாகலாம் என்றுகூடத் தோன்றியது. சுதாவுக்காக இருந்தேன்.

எங்கள் கோயிலில் பூஜை செய்யும் பாக்கியம் அக்கா மார்கழியில் எனக்கு மாலை போட்டுவிட்டார். சிவப்புச் சேலை, விரதச் சாப்பாடு. மாலை போட்டவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். சக்தி என்பார்கள். அவள் மேல் கை வைத்தால் தெய்வக் குற்றம்.

அந்த வாரமே வீட்டுக்காரர் நிறையக் குடித்துவிட்டு வந்தார். நிற்க முடியவில்லை. குழம்பில் உப்பில்லை என்று கை ஓங்கினார். மாலையைப் பார்த்தார். கை இறங்கியது. "மன்னிச்சுக்கோ சக்தி" என்று சொல்லி வெளியே போய் உட்கார்ந்தார்.

அம்மன் கேட்டுவிட்டாள் என்று அழுதேன். கூடவே ஒரு கேள்வி வந்தது. தன் செருப்பு எது என்று தெரியாத ஆளுக்கு மாலை எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து கவனித்தேன். குடி குறையவில்லை. கதவில் முட்டிக்கொள்வார். தட்டை மிதிப்பார். என் மேல் விரல் படாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதா மொபைலைத் தரவில்லை என்று அவருக்குக் கோபம். நான் நடுவில் நின்றேன். "தள்ளிக்கோ சக்தி" என்றார், மரியாதையாக. மாலையை உரசாமல் என்னைச் சுற்றிக் கை நீட்டி அவளை அறைந்தார். காதில் ரத்தம்.

அப்போதுதான் புரிந்தது. குடித்திருந்தாலும் அவர் நிறுத்தினால் அந்தக் கை நிற்கும். தாய் அதைக் காட்டிவிட்டாள்.

சுதாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு பாக்கியம் அக்காவிடம் போனேன்.

"புள்ளைக்கும் ஒரு மாலை போட்டுடலாமா?" என்றார்.

"எத்தினி நாளைக்குக்கா? கழட்டித்தானே ஆகணும்."

அக்கா கையிலிருந்த பூஜைத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "கிளம்பு, நானும் வரேன்" என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர், புருஷன் பொண்டாட்டி சண்டை, கர் ஜாவோ, என்றார். வீட்டுக்குப் போகச் சொன்னார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நஹீ பையா, போக மாட்டேன். முட்டி வலி. நீ எழுதினாத்தான் எனக்கு எழுந்திரிக்க வரும்." கடைசியில் ஒரு பெண் போலீஸ் வந்து புகாரை எழுதிக்கொண்டார். பெண்களுக்கான பாதுகாப்பு அதிகாரியிடமும் அனுப்பினார்.

அந்த அதிகாரி மேடம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஹோஷ் நஹீ ரஹ்தா மேடம்" என்றார் இவர். குடித்தால் நினைவு இருக்காதாம்.

நான் மாலையைத் தொட்டுக் காட்டினேன். தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். இதைப் போட்ட பிறகும் தினமும் குடிக்கிறார், என்னை ஒரு அடி அடிக்கவில்லை, ஏன் என்று கேளுங்கள். மேடம் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கும் சுதாவின் பள்ளிக்கூடத்துக்கும் வரக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. இப்போது அவர் ஃபரிதாபாத்தில் தம்பியோடு இருக்கிறார். விரதம் முடிந்ததும் நான் மாலையைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்தேன். கழற்றிய பிறகும் அடி விழவில்லை. சுதாவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். பத்தாவது எழுதப் போகிறாள். வீட்டில் பாட்டுப் பாடுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குத் தெரியாது.

தாய்க்கு என் நன்றி. நீங்களும் அவளை நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிவிட்டு, அவள் என்ன காட்டுகிறாள் என்று நன்றாகப் பாருங்கள். நம் கோயில் செவ்வாய்க்கிழமை பூஜைக்கு அடிபட்ட பெண் யாராவது வந்தால் என்னிடம் சொல்லுங்கள். சாமி கும்பிட்டு முடித்ததும் நான் அவளோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.