வாட்டிய கெஸ்கட்

எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். கல்முனையில் நான் மாப்பிள்ளையாகக் குடியேறிய வீட்டை, மனைவியின் மூத்த சகோதரரான என் மச்சான், வாகனம் திருத்தும் தன் கராஜில் உழைத்துக் கட்டினார். நான் கணித ஆசிரியர். வயல் வேலைக்கென்று ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் ஹெட் கெஸ்கட் போய்விட்டது. என்ஜினின் உடலுக்கும் தலைக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் தகடு கசிந்தால் தண்ணீர் கொதிக்கும், பக்கத்தில் எண்ணெய் வழியும். மச்சான் புதியது போட்டுத் தந்தார்.

"நிந்தவூருக்கு நாலஞ்சு தரம் ஓடிட்டு மறுகா கொண்டு வாங்க மச்சான். சூடேறினா நட் தளரும். திரும்ப இறுக்கணும்."

"ஓம்" என்றேன். அறுவடை நேரம். போகவில்லை.

காரைதீவுச் சந்தியில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. கராஜுக்கு இழுத்துப் போனேன். அங்கே உழவு மெஷின்காரர்கள் கூடி நின்றார்கள்.

"வாங்க சேர்! திரும்ப இறுக்கச் சொன்னது கணக்குல வரல்லியா?" மச்சான் சிரித்தார். "வீட்டையும் நாமதான் கட்டிக் குடுத்த, வண்டியையும் நாமதான் பாக்கணும். நம்மட மச்சான் கரும்பலகையில எழுதுற வெண்கட்டிய மிஞ்சி ஒண்டும் தூக்கமாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வண்டியை வீட்டுக்கே இழுத்துப் போனேன்.

"காக்காட்ட விட்டுட்டு வந்திரிக்கலாமே?" என்றாள், அண்ணனைக் காக்கா என்றே அழைக்கும் என் மனைவி.

"ஒங்கட காக்காட கை இனி இந்த வண்டியில படாது."

புதுக் கெஸ்கட் ஒன்றும் என்ஜின் வேலைப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் சாக்கில் பரப்பினேன். தலையை இறுக்கிய நட்டுகளில் ஸ்பேனரை வைத்ததும் அவை வலுவில்லாமல் சுழன்றன. உள்ளே மச்சான் போட்ட கெஸ்கட் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு மூலை மட்டும் ஈரம். பிழை என்னுடையது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது.

பழைய பிசினைச் சுரண்டித் துடைத்து, என் கெஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து வெளியே மாற்றி மாற்றி இறுக்கினேன். ஒவ்வொரு நட்டிலும் அவருடைய சிரிப்பை வைத்து இறுக்கினேன். என்ஜின் ஓடியது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் மச்சானின் கெஸ்கட்டை எடுத்து அடுப்பில் வாட்டினேன். சீமெந்துத் தரையில் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலுக்கு முன்னாலிருந்த தேநீர்க்கடையில் எல்லாரும் பார்க்க ஆணியில் மாட்டினேன்.

"பாருங்க, பழசைத் துடைச்சுப் போட்டிரிக்காரு. சொந்த மச்சானுக்கே இப்பிடியெண்டா மத்த ஆக்களுக்கு?"

"சேர் பொய் சொல்லுவாரா?" என்றார் கடைக்காரர்.

உழவு மெஷின்கள் வேறு கராஜ்களுக்குப் போயின. பள்ளிக்கூடம் போகும்போது, வெறிச்சோடிய கராஜைப் பார்ப்பதற்காகவே வண்டியை மெதுவாக ஓட்டுவேன். சீனி போடாத தேநீரும் அந்த நாட்களில் எனக்கு இனித்தது. இடையில் நிந்தவூருக்கு நாலைந்து தரம் ஓடிவிட்டு, மச்சான் சொன்னபடியே நட்டுகளைத் திரும்ப இறுக்கவும் மறக்கவில்லை.

கராஜை மூடிவிட்டு அவர் சவூதிக்குப் புறப்பட்டார். பயணம் சொல்ல, தான் கட்டிய வீட்டின் வாசலில் வந்து நின்றார். நகங்களில் கிறீஸ் இல்லை.

"மச்சான், அண்டைக்குப் பகிடியாக் கதைச்சதுல ஒங்கட மனசு நொந்திரிந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க."

பயணம் போகிறவர் இப்படி மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். கேட்டிருக்க வேண்டியவன் நான்.

"மாப்புச் செஞ்சன்" என்றேன்.

கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னார். போகிற வழியில் பிக்கப்பின் பொனட்டைத் திறந்து, என்ஜினின் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"சொட்டும் இல்ல. நல்ல வேலை. சூடேறின மறுகா திரும்ப இறுக்கினீங்களா?"

"ஓம்."

விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொனட்டை மெதுவாக மூடினார்.

சவூதியிலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமானார். அவருக்கு மாப்புக் கொடுத்தவனாகவே நான் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறேன்.